கைதிகள் பேரமும் ஒரு தந்தையின் வழக்கும்

 

பணயமாகப் பிடிக்கப்பட்ட ஒருவரை மீட்க வேண்டுமானால் சிறையில் இருப்போரைத் திறந்துவிட வேண்டும் என்னும் நிலை வந்தால், ஆள்வோர் செய்யத்தக்கது யாது? 1989 டிசம்பரில் அன்றைய உள்துறை அமைச்சரின் மகள் ஸ்ரீநகரில் கடத்தப்பட்டபோது ஐவர் விடுவிக்கப்பட்டனர். 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட விமானம் காந்தஹாரில் நின்றபோது மூவர் விடுவிக்கப்பட்டனர். அம்மூவருள் ஒருவரான மசூத் அஸ்ஹர் அடுத்த ஆண்டே ஜெய்ஷே முஹம்மத் அமைப்பைத் தொடங்கினார்.

இவை வடக்கே நடந்தவை என்று நாம் எண்ணியிருக்கலாகாது. நம் கொல்லிமலைக்கு வடமேற்கே, மேட்டூரைக் கடந்து காவிரியின் இரு கரையிலும் விரிந்து கிடக்கும் காடுகளிலும் இதே கேள்வி எழுந்தது. அதற்கு நீதிமன்றத்தில் விடை தேடியவர் ஒரு முஸ்லிம் தந்தை என்பதை நம் பிள்ளைகளுள் பலர் அறியார்.

2000 ஜூலை 30 இரவு, தாளவாடியை அடுத்த தொட்டகாஜனூரில் தம் பண்ணை வீட்டில் இருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். தமிழ்த் தீவிரவாதக் குழுவினர் சிலரும் அப்போது அவனுடன் இருந்தனர். ஆகவே கோரிக்கைகள் பணத்தோடு நிற்கவில்லை. காவிரி நீர், 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட கர்நாடகத் தமிழர்களுக்கு இழப்பீடு, பெங்களூரில் திருவள்ளுவர் சிலைத் திறப்பு ஆகியவற்றுடன், தடாச் சட்டத்தின் கீழ் மைசூர்ச் சிறையில் இருந்த 51 பேரையும் தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்த ஐவரையும் விடுவிக்க வேண்டும் என்பதும் கேட்கப்பட்டது. இரு மாநில அரசுகளும் இணங்கின. தடாக் குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெறக் கர்நாடக அரசுத் தரப்பு மனுச் செய்தது. மைசூர் தனி நீதிமன்றமும் அனுமதித்தது.

அப்போது உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் அப்துல் கரீம். அவருடைய மகன் ஷகீல் அஹ்மத் கர்நாடகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 1992 ஆகஸ்டில் மாதேஸ்வரன் மலைப் பகுதியில் வீரப்பன் கூட்டத்தார் பதுங்கியிருந்து தாக்கியதில், காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவுடன் அவரும் உயிரிழந்தார். நாடே அஞ்சிய அந்நாள்களில், ராஜ்குமாருக்கு ஏதேனும் நேர்ந்தால் பழி தம்மேல் விழும் என்பதை அம்முதியவர் உணர்ந்தே இருந்திருப்பார். எனினும் பின்வாங்கவில்லை.

2000 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கைத் திரும்பப் பெறுவதாயின் அரசு வழக்கறிஞர் தம் சொந்த அறிவைக் கொண்டு பொதுநலன் கருதி முடிவெடுக்க வேண்டும்; அரசின் அச்சத்திற்குக் கருவியாகலாகாது என்பது அதன் சாரம். எட்டு நாள் கழித்து, நவம்பர் 15 அன்று, 108 நாள் சிறைப்பட்டிருந்த ராஜ்குமார் விடுதலையானார். அந்த 51 பேரும் அப்பேரத்தின்படி விடுவிக்கப்படவில்லை.

கைதிகளை மீட்பதை மார்க்கம் சிறந்த நற்செயலாகக் கூறுகிறது. பத்ருப் போரில் பிடிபட்ட சுமார் 70 பேரிடம் நபி (ஸல்) அவர்கள் மீட்புத்தொகை பெற்று விடுவித்தார்கள். பொருள் இல்லாதோர் அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றனர். ஆனால் போர்க்கைதி வேறு, கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் வேறு. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் உறவினருக்கு உரிமை உண்டு என்று குர்ஆன் (17:33) கூறுகிறது. மன்னிப்பதும் அவர்களுக்கே உரியது (2:178). அவர்களைக் கேளாமல் அந்த இரத்தத்தைப் பேரம் பேச ஆள்வோருக்கு உரிமையில்லை. நம் நாட்டின் சட்டம் வேறாயினும், அப்துல் கரீம் கேட்ட நியாயம் இதற்கு அணுக்கமானதே.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அந்தத் தடாக் கைதிகளுள் பலர் 1993 முதல் தீர்ப்பின்றிச் சிறையில் கிடந்த ஏழை மலைக் கிராமத்தார். 2001இல் தடா நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, விசாரிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் குற்றமற்றோர் என்று விடுவிக்கப்பட்டனர். அதிரடிப்படையினர் மீது எழுந்த சித்திரவதைப் புகார்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தண்டிக்கப்பட்டோருள் நால்வரின் ஆயுள் தண்டனை 2004இல் மரண தண்டனையாக்கப்பட்டு, கருணை மனுக்கள் மீதான தாமதம் காரணமாக 2014இல் மீண்டும் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

இவ்விரண்டையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும். உரிய காலத்தில் விசாரணை முடிந்திருந்தால், குற்றமற்றோர் முன்னரே வீடு சேர்ந்திருப்பர்; குற்றவாளிகள் தண்டனை பெற்றிருப்பர்; வீரப்பன் ஏழைகளின் காவலனாக வேடமிட அவனிடம் காரணம் எஞ்சியிராது. தாமதிக்கப்பட்ட நீதியே அவன் பேரத்திற்கு முதலாயிற்று. மகனை இழந்த தந்தைக்கும், வழக்கு முடியாமல் சிறையில் வாடிய மலைவாசிக்கும் தேவைப்பட்டது ஒன்றே: அச்சத்திற்கும் பேரத்திற்கும் வளையாத நீதி.

நமக்கோ நம் பெற்றோருக்கோ எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டுள்ளான் (4:135). தீவிரவாதம் பற்றிப் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும்போது, அப்துல் கரீமின் வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்வோம். அநீதியின்றி வாழவும், அநீதிக்குத் துணைபோகாதிருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.