தொழிற்சாலைப் பண்ணைகளும் உள்ளூர் அதிகாரமும்

ஆயிரக்கணக்கான பன்றிகளையோ கோழிகளையோ மாடுகளையோ கூரைக்குள் அடைத்து வளர்க்கும் பெரும்பண்ணை எங்கே அமையலாம், வீடுகளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், கழிவு எங்கே போக வேண்டும் என்பதை அந்த வட்டாரத்து மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே முடிவு செய்யலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் அடிபட்டு வருகிறது. 'உள்ளூர்க் கட்டுப்பாடு' என்று அழைக்கப்படும் இந்தப் பூசலில் பெரும்பாலும் தோற்றவை ஊர்களே. ஓர் ஊர் சட்டத்தில் ஒரு பிடிமானத்தைக் கண்டுபிடித்ததும் மாநிலச் சட்டமன்றம் அதையே நீக்கிவிடுவது வழக்கமாக இருந்தது.

இதன் வேர் பன்றிகளுக்கும் பண்ணைகளுக்கும் தொடர்பில்லாத ஒரு ரயில்வே வழக்கில் இருக்கிறது. 1868இல் அயோவா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் டில்லன், உள்ளாட்சி அமைப்புகள் மாநிலத்தின் படைப்புகள் என்று தீர்ப்பெழுதினார். மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே அவற்றுக்கு உண்டு. கொடுத்ததை மாநிலம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அவற்றைக் கலைக்கவும் செய்யலாம். 'டில்லன் விதி' என்ற பெயரில் இது நாடெங்கும் பரவியது. விதி பிறந்த அயோவாவே 1978இல் அரசியலமைப்பைத் திருத்தித் தன் 99 கவுண்டிகளுக்கும் தன்னாட்சி வழங்கியது. (கவுண்டி என்பது பரப்பளவில் நம் வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்டது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வாரியம் அதை ஆளும்.) ஆனால் மாநிலச் சட்டத்துக்கு முரண்படாத வரைதான் அந்தத் தன்னாட்சி. பின்னால் வந்த வழக்குகள் பலவும் இந்த நிபந்தனையையே சுற்றி வந்தன.

அதே காலத்தில் பன்றி வளர்ப்பின் முகமும் மாறியது. 1982இல் அயோவாவில் சுமார் 49,000 பண்ணைகள் பன்றி வளர்த்தன; 2017 கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 6,000க்கும் கீழே இறங்கியிருந்தது. பன்றிகள் குறையவில்லை. 32 லட்சம் மக்கள் வாழும் மாநிலத்தில் இன்று எந்த நாளில் எண்ணினாலும் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பன்றிகள் இருக்கும். பல இடங்களில் பன்றிகளும் தீவனமும் நிறுவனத்துக்குச் சொந்தம். கொட்டகையும் அதற்கு வாங்கிய கடனும் கழிவும் ஒப்பந்த விவசாயிக்குச் சொந்தம். கழிவு கொட்டகையின் அடியில் உள்ள ஆழ்குழியில் மாதக்கணக்கில் தேங்கி, பிறகு எருவாக வயலுக்குப் போகும். நாற்றமும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

கவுண்டிகள் முதலில் எடுத்தது நிலப்பயன்பாட்டு விதிகளை. அயோவாவில் இந்த விதிகளிலிருந்து வேளாண்மைக்கு 1947 முதலே விலக்கு உண்டு. ஆயிரக்கணக்கான விலங்குகளை அடைத்து வைக்கும் கொட்டகையும் வேளாண்மைதானா என்று காஸ் கவுண்டி கேட்டது. வேளாண்மைதான் என்று 1996இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஹம்போல்ட் கவுண்டி வேறு வழியில் முயன்றது. அனுமதி பெறுதல், பண்ணை மூடப்பட்டால் துப்புரவு செய்ய நிதி உத்தரவாதம் கட்டுதல், நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு, நச்சுக்காற்றுக் கட்டுப்பாடு என நான்கு உள்ளூர்ச் சட்டங்களை இயற்றியது. எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் அதே கவுண்டியின் கால்நடை வளர்ப்பவர்கள். 'ஊர்' எப்போதும் ஒரே பக்கம் நின்றதில்லை என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. 1998இல் நான்கு சட்டங்களும் மாநிலச் சட்டத்தோடு மோதுவதாக ரத்து செய்யப்பட்டன. ஐயத்துக்கே இடம் வைக்க வேண்டாம் என்று கருதிய சட்டமன்றம், கால்நடை வளர்ப்பைப் பற்றிக் கவுண்டிகள் சட்டம் இயற்றுவதை அவ்வாண்டே வெளிப்படையாகத் தடை செய்தது. பொதுச் சுகாதாரத்தைக் காரணம் காட்டி 2001இல் வொர்த் கவுண்டி இயற்றிய சட்டமும் இந்தத் தடையில் சிக்கி 2004இல் வீழ்ந்தது.

தனி மனிதருக்கு எஞ்சியிருந்தது தொல்லை வழக்கு. பக்கத்து நிலத்து நாற்றத்தால் வீட்டில் குடியிருக்க முடியவில்லை என்று இழப்பீடு கேட்பது ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் மிகப் பழைய உரிமை. பண்ணைகளை இத்தகைய வழக்குகளிலிருந்து காக்க 'வேளாண்மை செய்யும் உரிமைச் சட்டங்கள்' மாநிலந்தோறும் வந்தன. நகரம் விரிந்து வயலோரம் வீடு கட்டியவர்கள் பழைய விவசாயியை விரட்டாமல் இருக்கவே அவை முதலில் எழுதப்பட்டன. நேற்று முளைத்த கொட்டகைக்கும் அவையே கேடயமாயின. கோசுத் கவுண்டியில் 960 ஏக்கர் நிலத்துக்கு அளிக்கப்பட்ட இத்தகைய காப்பு 1998இல் அயோவா உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அண்டை வீட்டார் வழக்குப் போடவே முடியாதபடி தடுப்பது, அவர்கள் நிலத்தின் மீது நாற்றத்தைச் செலுத்தும் பாத்தியதையை இழப்பீடு கொடுக்காமல் இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பதற்குச் சமம் என்றது நீதிமன்றம். உள்ளூர் மக்களுக்குக் கிடைத்த மிக வலுவான தீர்ப்பு இதுவே. அதையொட்டி 2004இல் வந்த மற்றொரு தீர்ப்பை 2022இல் அதே நீதிமன்றம் கைவிட்டபோது அந்த வலுவும் பெருமளவு கரைந்தது.

கிராமப்புறக் கோபத்தைத் தணிக்க அயோவா 2002இல் ஒரு சமரசம் கண்டது. பெரிய கொட்டகை கட்ட விரும்புவோர் 44 கேள்விகள் கொண்ட மதிப்பெண் பட்டியலை நிரப்ப வேண்டும். மொத்தம் 880 மதிப்பெண். 440 எடுத்தால் தேர்ச்சி. கவுண்டி வாரியம் அதைச் சரிபார்த்து மாநில இயற்கை வளத் துறைக்குப் பரிந்துரை அனுப்பலாம். முடிவு துறையின் கையில். பட்டியல் 2,500 பன்றிகளிலிருந்து தொடங்குவதால் 2,499 பன்றிகளுக்கான கொட்டகைகள் மாநிலமெங்கும் முளைத்தன. பாதி மதிப்பெண்ணில் தேற வைக்கும் தேர்வில் தோற்பவர் மிகச் சிலரே. தேர்வைக் கடினமாக்கக் கோரிய குடிமக்கள் அமைப்புகளின் மனுவை மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் 2017இல் நிராகரித்தது. இதை உள்ளூர்ப் பங்கேற்பு என்று அழைப்பது மிகைதான்.

வட கரோலினாவில் இதே கதை அப்பட்டமாகவே நடந்தது. அங்கே மாநிலச் சட்டமன்றத்தில் பத்தாண்டுக் காலம் உறுப்பினராக இருந்த வெண்டல் மர்ஃபி, அமெரிக்காவின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பாளர்களில் ஒருவர். அவர் பதவியில் இருந்த 1991இல் கால்நடைப் பண்ணைகளுக்குக் கவுண்டி நிலப்பயன்பாட்டு விதிகளிலிருந்து விலக்கு கிடைத்தது. ராலி நகரின் 'நியூஸ் அண்ட் அப்சர்வர்' நாளிதழ் 1995இல் இந்த உறவுகளை அம்பலப்படுத்தி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. 1995 ஜூனில் ஒரு பண்ணையின் கழிவுக்குட்டை உடைந்து ஒன்பது கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கழிவு நியூ ஆற்றில் கலந்தது. 1997இல் புதிய பன்றிப் பண்ணைகளுக்குத் தடைக்காலம் வந்தது. பெரிய பண்ணைகள் மீது கவுண்டிகளுக்கு ஓரளவு அதிகாரமும் திரும்பியது. ஆயினும் சாத்தம் கவுண்டி தானாக இயற்றிய கடுமையான விதிகளை 2002இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சுமார் 500 அண்டை வீட்டார், பெரும்பாலும் கறுப்பின மக்கள், தொடுத்த தொல்லை வழக்குகளில் முதலாவதில் 2018இல் நடுவர் குழு பத்துப் பேருக்கு ஐந்து கோடி டாலருக்கும் மேல் வழங்கும்படி தீர்ப்பளித்தது. தண்டத் தொகைக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பால் அது 32.5 லட்சம் டாலராகச் சுருங்கியது. அவ்வாண்டே சட்டமன்றம் இனிமேல் இப்படி வழக்குத் தொடுப்பதை மேலும் கடினமாக்கியது.

மிசூரியில் லிங்கன் டவுன்ஷிப் என்ற சிற்றூராட்சி 1994இல் பெரும் பன்றி நிறுவனம் ஒன்றுக்கு விதிகள் வகுத்தது. நிறுவனம் நீதிமன்றம் போனது. ஊருக்கு ஆதரவாகப் பாடகர் வில்லி நெல்சன் 1995இல் அங்கே வந்து பேரணியில் நின்றார். 1997இல் ஊர் தோற்றது. பிறகு சுகாதாரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல கவுண்டிகள் விதிகள் இயற்றின. லின் கவுண்டியின் விதியை 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றும் கொண்டது. இருபது ஆண்டு நிலைத்த அந்த அதிகாரத்தை 2019ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதி செய்தது. விஸ்கான்சின் 2004இலும் பென்சில்வேனியா 2005இலும் உள்ளாட்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைக் கொண்டுவந்தன.

தொழில்துறையின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 99 கவுண்டிகளில் 99 விதிகள் இருந்தால் கடன் வாங்கி முதல் போடும் விவசாயி எதை நம்புவார்? பக்கத்து வீட்டுப் பகை விதியாக மாறாது என்பதற்கு என்ன உறுதி? ஆனால் நெப்ராஸ்கா இதற்கு ஒரு மறுமொழி தருகிறது. அங்கே கவுண்டிகளின் நிலப்பயன்பாட்டு அதிகாரம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது; மாநிலம் மாட்டிறைச்சியில் நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. 2016இல் நிக்கர்சன் என்ற சிற்றூர் தன்னைத் தேடி வந்த பெரும் கோழி ஆலையை வேண்டாம் என்றது. அருகிலுள்ள ஃப்ரீமாண்ட் வரவேற்றது. 2019இல் ஆலை அங்கே திறக்கப்பட்டது.

கலிபோர்னியாவின் சொனோமா கவுண்டியில் 2024 நவம்பரில் பெரும் கால்நடைப் பண்ணைகளை அறவே தடை செய்யும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் அதை நிராகரித்தனர். மக்களிடம் கேட்டால் பண்ணைத் தொழிலே அழிந்துவிடும் என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அயோவாவின் 99 கவுண்டிகளில் எதுவும் அப்படி ஒரு விதியை வாக்கெடுப்பால் இயற்றிக்கொள்ள முடியாது. 1998ஆம் ஆண்டுத் தடை அங்கே இன்றும் நடைமுறையில் உள்ளது.