வெஸ்டர்போர்க் முகாம்

வெஸ்டர்போர்க், நெதர்லாந்தின் வடகிழக்கே டிரெந்தெ மாகாணத்துப் புதர்வெளியில் இருந்த இடைத்தங்கல் முகாம். இரண்டாம் உலகப் போரின்போது அந்நாட்டு யூதர்களில் பெரும்பாலோர் இங்கிருந்துதான் கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நெதர்லாந்திலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ 1,07,000 பேரில் உயிரோடு திரும்பியவர்கள் சுமார் 5,000 பேர்தான்.

இதைக் கட்டியது நாஜிகள் அல்ல. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூத அகதிகளைத் தங்கவைக்க நெதர்லாந்து அரசு 1939-இல் அமைத்தது; செலவை யூதச் சமூகத்தின் தலையில் சுமத்தியது. 1940 மே மாதம் ஜெர்மனி நாட்டைக் கைப்பற்றியது. அடைக்கலம் தேடி வந்த இடத்திலேயே அகதிகள் அகப்பட்டுக்கொண்டார்கள். 1942 ஜூலை 1 அன்று முகாம் ஜெர்மானியர் கைக்குப் போனது. அம்மாதம் 15-ஆம் தேதி முதலாவது ரயில் புறப்பட்டது. அப்போது முகாமுக்குள் தண்டவாளம் இல்லை. ஹோகாலென் நிலையத்துக்கும் முகாமுக்கும் இடையே சுமார் 5 கி.மீ. தூரத்தை மூட்டைகளோடு நடந்தே கடந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பாதை முகாமின் நடுவே வந்து சேர்ந்தது. டச்சு ரயில்வே கட்டணம் பெற்றுக்கொண்டு இந்த வண்டிகளை எல்லைவரை ஓட்டியது. இழப்பீடு தர 2018-இல்தான் முன்வந்தது.

1943 முதல் ரயில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் கிளம்பியது. முந்தின இரவு ஒவ்வொரு கொட்டகையிலும் பெயர்கள் வாசிக்கப்படும். எத்தனை பேர் என்பதை ஜெர்மானியர் சொல்வார்கள். யார் யார் என்று பட்டியலிடும் கொடுமை யூதக் கைதிகள்மீதே விழுந்தது. பெயர் வராதவருக்கு இன்னொரு வாரம் கிடைத்தது. முகாமில் பெரிய மருத்துவமனை, பள்ளிக்கூடம், இசைக்குழு, மேடை நிகழ்ச்சி எல்லாம் இருந்தன. வாழ்க்கை ஏதோ நடக்கிறது என்ற தோற்றம் தரும் இந்த ஏற்பாடுகளே கொலைக்குத் துணைநின்றன. ரயிலில் அனுப்பப்படுவதிலிருந்து விலக்கு தரும் முத்திரை ஒன்றைப் பெற மக்கள் அலைந்தார்கள். அதுவும் ஒரே நாளில் செல்லாமல் போகும். நோயாளிகளையும் படுக்கையிலிருந்து எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். 1943 மார்ச் முதல் ஜூலை வரை 19 ரயில்களில் சோபிபோர் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்ட 34,313 பேரில் போருக்குப்பின் எஞ்சியவர்கள் 18 பேர்.

1944-இல் முகாம் தளபதி ஆல்பர்ட் கெமெக்கரின் உத்தரவுப்படி ருடால்ஃப் பிரெஸ்லாவர் என்ற யூதக் கைதி முகாமைப் படமெடுத்தார். அப்படத்தில், மே 19-ஆம் தேதி ரயிலின் கதவிடுக்கில் தலைத்துணியோடு ஒரு சிறுமி வெளியே பார்க்கிறாள். பல்லாண்டுகள் அவளை யூதச் சிறுமி என்றே உலகம் கருதியது. அவள் ஐரோப்பிய ரோமானி மக்களில் ஒரு பிரிவான சிந்தி இனத்தைச் சேர்ந்த ஒன்பது வயது செட்டெலா ஸ்டைன்பாக் என்பது 1994-இல்தான் தெரியவந்தது. அவள் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டாள். பிரெஸ்லாவரும் உயிர்பிழைக்கவில்லை.

நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் இருந்த வண்டி 1,019 பேரோடு 1944 செப்டம்பர் 3 அன்று ஆஷ்விட்சுக்குச் சென்றது. 1945 ஏப்ரல் 12 அன்று கனடாப் படையினர் முகாமை விடுவித்தபோது மீந்திருந்தவர்கள் 900 பேருக்கும் குறைவு. கொலை நடப்பது தனக்குத் தெரியாது என்றார் கெமெக்கர். பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர் 1951-இல் விடுதலையானார். முகாமில் கைதிகளை நிறுத்தி எண்ணிய திடலில் இன்று 1,02,000-க்கு மேற்பட்ட கற்கள் நிற்கின்றன, திரும்பி வராத ஒவ்வொருவருக்கும் ஒன்றாக.