மனையடி சாத்திரமும் மாட்டுவண்டித் தடமும்

குடும்பம் நிலைக்க நல்ல இடம் எது? மனையடி சாத்திரத்தைக் கேட்டால் உடனே விடை கிடைக்கும். இத்தனை அடி நீளமானால் செல்வம், ஓரடி குறைந்தால் வறுமை; இத்திசையில் வாசல் வைத்தால் வாழ்வு, அத்திசையில் வைத்தால் தாழ்வு! ஆனால் ஒரு கேள்வியை மட்டும் அது கேட்பதேயில்லை. அந்த மண்ணில் மனிதனை மனிதனாக வாழ விடுவார்களா என்பதே அக்கேள்வி.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் வெளியைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். கம்பும் சோளமும் பருத்தியும் தருமேயன்றிச் செந்நெல்லை எளிதில் தராத நிலம். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், திருநெல்வேலிச் சீமையின் பனங்காட்டுத் தேரிகளை விட்டு நாடார் வணிகர்கள் இப்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். எந்தச் சோதிடன் இவர்களுக்கு நாள் குறித்தான்? எந்தப் பல்லி இவர்களுக்குப் பலன் சொன்னது?

1799-இல் கட்டபொம்மனும், 1801-இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். வெள்ளையன் கை ஓங்கியது, பாளையங்கள் ஒடுங்கின. விடுதலை வீரர்கள் வீழ்ந்தது வேதனை. எனினும், அதன்பின் உள்நாட்டுப் பாதைகளில் வண்டி ஓட்டும் வணிகனுக்கு அச்சம் குறைந்தது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வடக்கே சென்றன. பருத்தி ஏற்றித் திரும்பின.

மாடு களைத்த இடத்தில் வண்டி நின்றது. வண்டி நின்ற இடத்தில் சரக்குக்குக் காவல் வேண்டியிருந்தது. அதற்காகச் சுற்றுச்சுவர் எழுப்பினர், கிணறு தோண்டினர். அதுவே பேட்டை! சரக்குக்குக் காவலாக எழுந்த இடத்தில் கடை வந்தது. கடையைத் தொடர்ந்து குடும்பம் வந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் அவ்வகையில் அவர்களின் குடியிருப்புகளாயின. இடத்தைத் தேர்ந்தது சாத்திரமன்று. நீரும் வழியும் வாணிகமும் துணையுமே!

தனியொருவனின் செல்வத்தாலும் இது நடக்கவில்லை. விற்கும் சரக்கில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என எடுத்துப் பொதுநிதியாக்கினர். உறவின்முறை அதனை ஆண்டது. 1880களில் விருதுநகரில் எழுந்த சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் அளித்த பிடியரிசியாலும் வளர்ந்தது. பின்னாளில் முதலமைச்சரான காமராசர் படித்தது அப்பள்ளியில்தான்.

வீடு கிடைத்தது, பொருள் கிடைத்தது. மதிப்பு கிடைத்ததா?

திருச்சுழிக்குத் தென்கிழக்கே உள்ள கமுதியில், 1897-இல் நாடார் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தனர். தீட்டு என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 1899 ஜூன் 6-ஆம் நாள் சிவகாசி சூறையாடப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மதுரை மீனாட்சி கோயிலின் கதவு அவர்களுக்கும் ஆதிதிராவிடர்க்கும் திறக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘கோயிலுக்குள் போய் என்ன கண்டார்கள்?’ என்று பகுத்தறிவுத் தோழர் கேட்கலாம். உள்ளே இருந்த சிலையன்று பொருள். வாசலில் நின்ற தடையே பொருள்! மதில் கட்டி வாழ்ந்தவனுக்கும், மாடி கட்டி வாழ்ந்தவனுக்கும், தெரு மதிக்காதவரை வீடு முழுமையடையவில்லை என்பதை அத்தடை காட்டிற்று.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டி உள்ளவன் புறப்பட்டான். சரக்கு உள்ளவன் குடியேறினான். வண்டியும் சரக்கும் நிலமும் அற்ற சேரி உழைப்பாளி எங்கே போவான்? அவனுக்கு இடம் தேடும் உரிமையே இல்லை. அவன் குடிசை எங்கே இருக்க வேண்டும் என்பதை ஊர் முன்பே முடிவு செய்துவிட்டது. பேட்டையும் ஒரு சாதியின் காப்பரணாகத்தான் நின்றது. அது அன்றைய தேவை. ஆனால் அதுவே முடிவான விடையாகிவிடாது.

விடையை நோக்கிய ஓரடி, அந்த ஆறு ஊர்களில் ஒன்றான திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் வைக்கப்பட்டது. கலைஞர் ஆட்சி 1997-இல் அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்தின் முதல் ஊர் 1998-இல் அங்கே திறக்கப்பட்டது. நூறு வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. ஒரே தெரு, ஒரே சுடுகாடு. நூறு வீடுகளால் நாடு திருந்திவிடாதுதான். ஆனால் அண்டை வீட்டானின் சாதியைக் கேளாமலே ஓர் ஊரை அமைக்க முடியும் என்பதை அந்த நூறு வீடுகள் மெய்ப்பித்தன.

தோழர்களே! நாளை நீங்களும் மனை தேடுவீர்கள். கயிறு பிடித்து அடி அளக்குமுன் கேளுங்கள்: குடிக்க நீர் உண்டா? பிள்ளைக்குப் பள்ளி உண்டா? உழைக்கத் தொழில் உண்டா? அதன்பின் இதையும் கேளுங்கள்: எனக்குக் கிடைக்கும் இந்த மனை, சேரியில் பிறந்த என் தோழனுக்கும் கிடைக்குமா? கிடைக்காது என்றால் குற்றம் வாசற்படியின் திசையில் இல்லை. ஊரின் நெஞ்சில் இருக்கிறது. திருத்த வேண்டியது அதனைத்தான்!