மிக்கிக்குக் காய்ச்சல் வராது

நாடக வரலாறு வாசிக்கிற ஆக்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். 1954, நியூயோர்க், பிரோட்வே. 'த பஜாமா கேம்' என்ற இசை நாடகத்தில் ஆடிக்கொண்டிருந்த கரோல் ஹேனிக்குக் கணுக்காலில் அடிபட்டுவிட்டது. அவருடைய பாத்திரத்தைப் பாடமாக்கி வைத்திருந்த குழு நடனக்காரி ஒருவர் அவருக்குப் பதிலாக மேடையேறினார். பார்க்க வந்திருந்த தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் அந்தப் பிள்ளையை ஹொலிவூட்டுக்கு ஒப்பந்தம் செய்தார். அவர்தான் ஷேர்லி மக்லெயின்.

இப்படிப் பாடமாக்கிக்கொண்டு காத்திருக்கிறவரை அண்டர்ஸ்டடி என்பார்கள். பதில் நடிகர் என்று வைத்துக்கொள்வோம். பிரோட்வேயில் பதில் நடிகர் வந்தால் அதைச் சபைக்குச் சொல்லியே ஆகவேண்டும். நிகழ்ச்சிநிரலுக்குள் ஒரு துண்டுக் கடதாசி வைப்பார்கள், முன்மண்டபத்தில் அறிவித்தல் போடுவார்கள், அல்லது ஒலிபெருக்கியில் சொல்வார்கள். நடிகர் சங்கத்தின் ஒப்பந்தத்திலேயே இருக்கிற விசயம் இது. ஒருவருக்குச் சுகமில்லை, இன்னொருவர் அவருக்காக நிற்கிறார் என்பது பார்க்கிறவருக்குத் தெரியும்.

அதே நாட்டில் யாருக்குமே சுகமில்லாமல் போகாத ஒரு மேடையும் இருக்கிறது. டிஸ்னியின் தீம் பார்க்குகளில் நடக்கிற நேரடி நிகழ்ச்சிகளைத்தான் சொல்கிறேன். வருசம் முழுக்க, ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கிற நிகழ்ச்சிகள் அவை. மனிதர்கள் நடிக்கிற இடத்தில் நோய் இல்லாமல் இருக்க ஏலாது. அப்படியென்றால் அது எங்கே போகிறது?

ஆரம்பத்தில் இந்த மேடையும் மனிதரை நம்பித்தான் இருந்தது. 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது 'கோல்டன் ஹோர்ஸ்ஷூ ரெவியூ' என்ற நகைச்சுவை இசை நிகழ்ச்சி தொடங்கியது. அதன் நாயகன் வோலி போக், இரண்டு வார ஒப்பந்தத்தில் வந்தவர். 1982இல்தான் ஓய்வு பெற்றார். பலூனில் மிருகங்கள் செய்வார். அடிவாங்கி உடைந்த பற்கள் மாதிரி வாயிலிருந்து அவரைவிதைகளைத் துப்பிக்கொண்டே இருப்பார். 1956இல் சேர்ந்த பெட்டி டெய்லர் கிட்டத்தட்ட முப்பது வருசம் கூட ஆடினார். 1986 வரை ஓடிய அந்த நிகழ்ச்சி கின்னஸ் பதிவிலும் ஏறியது. போக்குக்குப் பதிலாக வேறு ஆக்களும் ஆடியிருக்கிறார்கள். ஆனால் அவர் இல்லாத நாளில், இவர் போக் இல்லை என்று வழக்கமாக வருகிறவருக்கு உடனே தெரியும். ஆள் மாறினால் நிகழ்ச்சியும் மாறியது.

மிக்கி மவுஸ் நேர் எதிர். உள்ளே நிற்கிறவர் மாறினாலும் மிக்கி மாறக்கூடாது. இந்த வேடங்களுக்கு ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது உயரம். ஒரே உடையும் ஒரே தலையும் எல்லாருக்கும் பொருந்த வேண்டும். மிக்கியின் கையெழுத்துக்கும் ஒரு வடிவம் இருக்கிறது, எல்லாரும் அதையே பழகுகிறார்கள். மேடை நிகழ்ச்சிகளில் முகமூடிப் பாத்திரங்களின் குரல் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டது, அதனால் தொண்டை கட்டினாலும் பிரச்சினை இல்லை. வேலை செய்கிறவர் வெளியில் 'நான்தான் மிக்கி' என்று சொல்வதில்லை. 'மிக்கியின் நண்பர்' என்றுதான் சொல்வார்.

இதில் நியாயமும் இருக்கிறது. எவ்வளவோ தூரத்திலிருந்து காசு சேர்த்து வந்த ஒரு குழந்தைக்கு, மிக்கிக்கு இன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்ல ஏலுமா? ஒரு பாத்திரத்துக்குப் பலர் தயாராக இருப்பது நடிகருக்கும் நல்லதுதான். காய்ச்சல் வந்தவர் வீட்டில் படுத்திருக்கலாம். ஆனால் இதே ஏற்பாடு இன்னொன்றையும் சொல்கிறது: நீ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓய்வு தருவதும் பயமுறுத்துவதும் ஒரே ஏற்பாடுதான்.

அந்தப் பயமுறுத்தலின் பக்கம் 2001இல் வெளியில் வந்தது, அதுவும் உள்ளாடை விசயத்தில். புளோரிடாவின் வோல்ட் டிஸ்னி வேர்ல்டில் வேடம் போடுகிறவர்கள் தங்கள் சொந்த உள்ளாடையைப் போட முடியாது, அது உடைக்குள் சுருண்டு வெளியில் தெரியும் என்பதால். நிறுவனம் கொடுப்பதைப் போட்டு, வேலை முடியத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கழுவிய பிறகு அடுத்த நாள் அது வேறொருவருக்குப் போகும். சில நேரம் ஒழுங்காகக் கழுவப்படாமலே வருகிறது, பேனும் சொறியும் தொற்றுகின்றன என்று வேலையாட்கள் முறையிட்டார்கள். அவர்களுடைய டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் பேச்சுவார்த்தையில் இதை முன்வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவும் உரிமையைப் பெற்றது. செய்தி வந்தபோது கன பேருக்கு இது பகிடியாகத்தான் இருந்திருக்கும். எனக்கு இது இந்த வரலாற்றின் முக்கியமான இடமாகப் படுகிறது. பாத்திரத்தைப் பலர் மாறி மாறிப் போடலாம். தோலை அப்படி மாற்ற ஏலாது.

பிறகு கொவிட். 2020 மார்ச் நடுவில் மூடிய டிஸ்னி வேர்ல்ட் ஜூலை 11 திறக்கத் தொடங்கியது. பாடுகிற, முகம் தெரிய நடிக்கிற கலைஞர்களுக்கு முகக்கவசம் போட முடியாது, ஆகவே பரிசோதனை வேண்டும் என்று அவர்களுடைய சங்கமான அக்டர்ஸ் எக்குவிட்டி கேட்டது. நிறுவனம் உடன்படவில்லை. அவர்களைத் திரும்ப அழைக்கிற கதையும் நின்றது. பூங்கா அவர்கள் இல்லாமலேயே திறந்தது. பெரிய ஊர்வலங்களுக்குப் பதிலாக ஒன்றிரண்டு வண்டிகளில் பாத்திரங்கள் தூரத்தில் நின்று கைகாட்டிப் போயின. ஓகஸ்டில், டிஸ்னி கொடுத்த இடத்தில் புளோரிடா மாநிலத்தின் பரிசோதனை நிலையம் ஒன்று வருவதென்று முடிவானதும் சங்கம் வேலைக்குத் திரும்பச் சம்மதித்தது.

ஆனால் செப்டெம்பர் கடைசியில் தன் அமெரிக்கப் பூங்காப் பிரிவில் 28,000 பேரை நிறுத்தப்போவதாக டிஸ்னி அறிவித்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேர வேலையாட்கள். எக்குவிட்டி உறுப்பினர்களில் மட்டும் 700க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். டிஸ்னியில் பாதை கூட்டுகிறவர் உட்பட எல்லா ஊழியரையும் 'காஸ்ட் மெம்பர்', அதாவது நடிகர் குழு உறுப்பினர், என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு பெரிய குழு ஒரே அறிவித்தலில் கலைந்தது. 2021இல் 'லயன் கிங்' நிகழ்ச்சி திரும்பியபோது குரங்கு வேடம் போட்டுக் குட்டிக்கரணம் அடிக்கிறவர்கள் அதில் இல்லை. அவர்கள் வர 2022 ஆனது. நோய் இந்த மேடையில் ஒரு வெற்றிடமாகத் தெரிந்தது அப்போதுதான்.

2024 மேயில் கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் வேடம் போடுகிற, ஊர்வலத்தில் ஆடுகிற சுமார் 1,700 பேருக்குச் சங்க வாக்கெடுப்பு நடந்தது. 953 பேர் எக்குவிட்டியில் சேர ஆதரவாகவும் 258 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அவர்கள் கதைத்த விசயங்களில் சம்பளத்தோடு வேலைப் பாதுகாப்பும் சுத்தமான உடையும் இருந்தன. புளோரிடாவில் உள்ளாடைக்காகப் பேரம் பேசி 23 வருசத்துக்குப் பிறகும் உடை ஒரு கோரிக்கைதான்.

பதில் நடிகர் என்றதும் எங்களுக்கு ஷேர்லி மக்லெயின் கதைதான் ஞாபகம் வரும்: ஒருவருடைய நோய் இன்னொருவருடைய அதிர்ஷ்டம். தீம் பார்க்கில் அந்தக் கதை நடக்காது. மிக்கிக்குள் புதிதாக வந்து எவ்வளவு நல்லாச் செய்தாலும் அந்தப் பெயரை ஒருத்தரும் கேட்கப் போவதில்லை. நோயில் கிடக்கிறவருடைய பெயரும் அப்படித்தான். துண்டுக் கடதாசியில் பெயர் வராத ஆக்களுக்கு அந்த வாக்குச்சீட்டுத்தான் மிஞ்சியது.