தம்பதிகளின் வழியும் சர்க்காரின் சந்தேகமும்: பிரிட்டிஷ் குடியேற்ற விதிகளைப் பற்றிய ஒரு விசாரணை

1979 ஜனவரி 24ஆம் தேதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர், பிரிட்டனில் வசித்துவந்த இந்திய வம்சாவளியினர் ஒருவரை மணந்துகொள்ளவே தாம் வந்திருப்பதாகச் சொல்லியும், அவர் கன்னிதானா என்பதை ஓர் ஆண் மருத்துவரைக்கொண்டு சோதித்துப் பார்த்த பிறகே அதிகாரிகள் அவருக்கு அநுமதி அளித்தார்கள் என்ற செய்தி பிப்ரவரி முதல் தேதி 'கார்டியன்' பத்திரிகையில் வெளியாயிற்று. இது தனிப்பட்ட ஓர் அதிகாரியின் வரம்பு மீறிய செயல் அன்று என்பதையும், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் இத்தகைய சோதனைகள் நடந்திருந்தன என்பதையும், பிற்காலத்தில் அரசாங்க ஆவணங்களை ஆராய்ந்த இவான் ஸ்மித், மரினெல்லா மார்மோ என்ற இரு ஆய்வாளர்கள் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

இக்கொடுமையை நிறவெறியின் விளைவு என்று சொல்லி மேலே சென்றுவிடுவது எளிது, அது உண்மையும்கூட. ஆயினும் அதற்கு அடியில் இருந்த தர்க்கத்தை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். அக்காலத்து விதிகளின்படி, பிரிட்டனில் வசிப்பவர் ஒருவரை மணந்துகொள்ள வரும் பெண், மூன்று மாதத்திற்குள் விவாகம் நடைபெறும் என்றால், முன்கூட்டியே விசா பெறவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் முன்பே தாலி கட்டிக்கொண்ட மனைவியோ, தன் நாட்டிலேயே நுழைவுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, நீண்டுகொண்டே சென்ற வரிசையில் தன் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். ஆகவே, மனைவியாக இருப்பவர்கள் காத்திருப்பைத் தவிர்ப்பதற்காக மணப்பெண்ணாக வேஷம் போடுவார்கள் என்று அதிகாரிகள் ஊகித்தார்கள். விவாகமாகாத இந்தியப் பெண் கன்னியாகத்தான் இருப்பாள் என்ற தங்கள் சொந்தக் கற்பனையை அந்த ஊகத்தோடு சேர்த்துக்கொண்டு, உண்மையைக் கண்டறியும் கருவியாக ஒரு பெண்ணின் உடலையே ஆக்கினார்கள். ஒரே குடும்பத்திற்கு இரண்டு வாயில்களை வைத்து, ஒன்றைக் கடினமாகவும் மற்றொன்றைச் சுலபமாகவும் அமைத்தது சர்க்கார். சுலபமான வாயிலில் வந்தவர்மீது குற்றம் காணத் தொடங்கியதும் அதே சர்க்கார்தான்.

வெவ்வேறு நாட்டுப் பிரஜைகளான தம்பதிகள் எந்த விசா வழியைத் தேர்ந்துகொள்வது என்ற கேள்வியை, கட்டணம் எவ்வளவு, காலம் எவ்வளவு என்ற அளவிலேயே பலரும் பேசிவருகிறார்கள். அக்கணக்கு வேண்டியதுதான். ஆனால் பிரிட்டனின் வரலாற்றை நோக்கும்போது, ஒவ்வொரு வழியும் விவாகத்தைப் பற்றிச் சட்டம் கொண்டிருக்கும் ஒரு சந்தேகத்தின் வடிவமே என்பதும், வழியைத் தேர்வது என்பது பிரிவின் துயரையும் பண நஷ்டத்தையும் இருவரில் யார் சுமப்பது என்று நிர்ணயிப்பதே என்பதும் புலப்படுகின்றன. இவ்வாறு தேர்வதை விவாகத்தின் உண்மைக்கு எதிரான சாட்சியமாகக் கொள்வது நியாயமன்று என்பதே என் வாதம்.

1980ஆம் ஆண்டு விதிகள், பிரிட்டனில் ஸ்திரவாசம் பெற்ற ஆண் தன் மனைவியை வரவழைத்துக்கொள்ள இடமளித்தன. அதே நிலையிலுள்ள பெண்ணோ, தான் பிரஜையாகவும், தானோ தன் பெற்றோரில் ஒருவரோ அந்நாட்டிலேயே பிறந்தவராகவும் இருந்தாலன்றிக் கணவனை வரவழைக்க முடியாது. இதை எதிர்த்து அப்துல்அஜீஸ், கபாலெஸ், பல்கந்தாலி ஆகிய மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில், 1985 மே 28ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இருமுகம் கொண்டது. தம்பதிகள் எந்த நாட்டில் குடித்தனம் நடத்த விரும்புகிறார்களோ அந்த விருப்பத்தை மதித்தே தீரவேண்டும் என்ற பொதுக் கடமை எந்த ராஜ்யத்திற்கும் இல்லை என்று அது கூறியது. ஆனால் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்பது செல்லாது என்றும் கூறியது. பிரிட்டிஷ் சர்க்கார் இத்தீர்ப்பை நிறைவேற்றிய விதம் வேதனைக்குரியது. கணவர்களுக்கு இருந்த தடைகளை நீக்குவதற்குப் பதிலாக, அத்தடைகளை மனைவியர்மீதும் சுமத்திச் சமத்துவத்தை நிலைநாட்டிவிட்டதாகச் சொன்னது. அவற்றுள் கொடியது, விவாகத்தின் பிரதான நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவது அன்று என்று விண்ணப்பதாரரே நிரூபிக்கவேண்டும் என்ற விதி. விவாகம் மெய்யானதாகவே இருந்தாலும், அதன் பிரதான நோக்கம் குடியேற்றம் என்று அதிகாரி கருதிவிட்டால் அநுமதி மறுக்கப்படலாம். மனத்துக்குள் இல்லாத ஒரு நோக்கத்தை இல்லை என்று காட்டுவதற்கு எந்த ஆவணத்தைக் கொண்டுவருவது? 1997 ஜூன் மாதம் தொழிற்கட்சி ஆட்சி அவ்விதியை ரத்துச்செய்யும் வரை, எத்தனையோ குடும்பங்கள் இக்கேள்வியின் முன் நின்று தோற்றன.

இதே காலத்தில்தான் மற்றொரு வழி திறந்தது. சுரிந்தர் சிங் என்ற இந்தியப் பிரஜை 1982ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பிரிட்டிஷ் பெண்ணை மணந்தார். 1983 முதல் 1985 வரை இருவரும் ஜெர்மனியில் உழைத்துவிட்டு, பிறகு தாங்களே ஒரு வியாபாரம் தொடங்கப் பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். ஐரோப்பியச் சமூகத்தின் வேறோர் உறுப்பு நாட்டிற்குச் சென்று தொழில் செய்துவிட்டுத் தாய்நாடு திரும்பும் பிரஜையின் துணைவருக்கு, அப்பிரஜை வேறோர் உறுப்பு நாட்டில் குடியேறியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உரிமைகளுக்குக் குறையாத உரிமைகள் உண்டு என்று 1992 ஜூலை 7ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் காரணம் மனித இயல்பை அறிந்து சொல்லப்பட்டது: திரும்பி வரும்போது துணைவரை உடன் அழைத்துவர முடியாது என்று தெரிந்தால் எவரும் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படவே தயங்குவார்.

உள்நாட்டு விதிகளின் இறுக்கத்தைத் தாங்கமாட்டாத தம்பதிகள் இவ்வழியை நாடியதும், இது சட்டத்தை ஏய்க்கும் தந்திரம் என்ற கூக்குரல் எழுந்தது. அதே நீதிமன்றத்தின் முன் பின்னர் வந்த ஆக்ரிச் வழக்கின் தம்பதிகள் தங்கள் நோக்கத்தை மறைக்கவே இல்லை. சில மாதங்கள் அயர்லாந்தில் இருந்துவிட்டால் பிரிட்டனுக்குச் சேர்ந்து திரும்பலாம் என்று கேள்விப்பட்டே அங்கு சென்றதாக அதிகாரிகளிடம் நேராகச் சொன்னார்கள். 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு வேறு சில அம்சங்களில் அவர்களுக்குப் பாதகமாக இருந்தபோதிலும், பிறநாட்டுக்கு வேலை தேடிச் சென்றதன் உள்நோக்கம் எதுவாயினும் அது பொருட்டல்ல என்றும், விவாகம் போலியாக இருந்தால் மட்டுமே நிலைமை வேறு என்றும் தெளிவாகப் பிரித்துக் கூறியது. என் வாதத்தின் அச்சாணி இந்தப் பிரிவினையே. வழி ஒன்று, விவாகத்தின் மெய்ம்மை வேறொன்று. ஒன்றை மற்றொன்றுக்குப் பிரமாணமாக்குவது தர்க்கப் பிழை. 2014ஆம் ஆண்டு இவ்வழிக்குக் குறைந்தது மூன்று மாத உண்மையான வாசம் வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் வரையறுத்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதையொட்டி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு தடையற்ற நடமாட்டம் முடிவுற்று, முன்பே வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசமும் 2022 மார்ச் 29ஆம் தேதி தீர்ந்தபின், அவ்வழி அடைபட்டது.

இன்று எஞ்சியிருப்பவை உள்நாட்டு விதிகளே. 2012 ஜூலை 9ஆம் தேதி முதல், வெளிநாட்டுத் துணைவரை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்கவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. குழந்தைகள் இருந்தால் அதற்கு மேலும். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டபோதிலும், குழந்தைகளின் நலத்தை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்று கண்டித்தது. 2024 ஏப்ரல் 11ஆம் தேதி அத்தொகை 29,000 பவுண்டாக உயர்ந்தது. வருமானமே இல்லாதவர் சேமிப்பைக் காட்டலாம் என்றால், 16,000 பவுண்டோடு, குறைபடும் வருமானத்தின் இரண்டரை மடங்கையும் சேர்த்த கணக்குப்படி 88,500 பவுண்டு ஆறு மாதம் கையிருப்பில் இருக்கவேண்டும்.

இங்கே ஓர் உதாரணத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். நியூகாஸிலில் முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரியும் பிரிட்டிஷ் இளைஞர் ஆண்டுக்கு 24,000 பவுண்டு சம்பாதிக்கிறார். அவர் மணந்த பெண் பெங்களூரில் கணினிப் பொறியாளராக அவரைவிட அதிகமாகவே ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பெண் இந்தியாவிலிருந்து மனைவி என்ற முறையில் விண்ணப்பித்தால் அவருடைய சம்பளத்தில் ஒரு காசும் கணக்கில் வராது. கணவரின் சம்பளம் மட்டுமே எண்ணப்பட்டு விண்ணப்பம் தோற்கும். அதே பெண் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் வழியாக வேலை விசாவில் பிரிட்டனுக்கு வந்து, அங்கு உத்தியோகத்தில் இருந்துகொண்டே மனைவி என்ற நிலைக்கு மாற விண்ணப்பித்தால், அவருடைய சம்பளம் முழுவதும் கணக்கில் சேரும். பெண்ணும் அதே பெண், விவாகமும் அதே விவாகம். நிற்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது. இத்தகைய தம்பதிகள் முதலில் வேலை விசாவைத் தேடுவது விவேகமா, வஞ்சகமா? விதியை இயற்றியவர்களே அவ்வாசலைக் காட்டியிருக்கும்போது, அதில் நுழைபவரை வஞ்சகர் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வேலை விசா கிடைக்காத துணைவருக்கு இந்த வாசலும் இல்லை என்பதையும், சம்பளம் குறைவான வட்டாரங்களில் வாழ்பவருக்கும், வீட்டுப் பராமரிப்பால் முழு நேர வேலை செய்ய இயலாத பெண்களுக்கும் இந்தத் தொகை கூடுதல் பாரம் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

போலி விவாகங்கள் உண்டு. அவற்றைத் தடுக்கச் சர்க்காருக்கு உரிமையும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பதிகளின் சந்திப்பு, கடிதப் போக்குவரத்து, குடும்பங்களின் அறிமுகம், சேர்ந்து வாழ்ந்த காலம் ஆகியவற்றை விசாரிப்பதே அதற்கு ஏற்ற முறை. வருமான வரம்பு போலியை வடிகட்டுவதில்லை; வசதியுள்ள போலியை உள்ளே விட்டு, வறிய மெய்யை வெளியே நிறுத்துகிறது.

இனி, பலரும் முதலில் ஆசைப்படும் மணப்பெண், மணமகன் விசாவைப் பற்றி. பிரிட்டனிலேயே உற்றார் சூழ விவாகம் செய்துகொள்ளலாம் என்ற கவர்ச்சி அதற்கு உண்டு. ஆனால் அது ஆறு மாதங்களுக்கே செல்லும். அக்காலத்தில் வேலை செய்யக்கூடாது. விவாகம் முடிந்தபின் மறுபடியும் விண்ணப்பித்து மறுபடியும் கட்டணம் செலுத்தவேண்டும். நிரந்தர வாசத்திற்குரிய ஐந்து ஆண்டுக் கணக்கில் அந்த ஆறு மாதம் சேராது. வெளிநாட்டிலேயே மணந்துகொண்டு மனைவியாகவோ கணவனாகவோ விண்ணப்பிப்பவருக்கோ, வந்திறங்கிய நாள் முதலே வேலை செய்யும் உரிமையோடு இரண்டு ஆண்டு ஒன்பது மாத அநுமதி கிடைக்கிறது. மருத்துவச் சேவைக் கட்டணமாக 3,105 பவுண்டு முன்கூட்டியே கட்டவேண்டும் என்பது மெய்யே. வேறு நிர்ப்பந்தம் இல்லாதவர்கள் இந்த வழியையே கொள்வது மேல் என்பது என் அபிப்பிராயம். கட்டணக் கணக்கைவிட முக்கியமான ஒரு காரணமும் அதற்கு உண்டு.

இல்லற வன்முறைக்கு ஆளாகித் துணைவரைப் பிரிய நேர்ந்தால் தன் சொந்த உரிமையிலேயே நிரந்தர வாசம் கோரலாம் என்ற பாதுகாப்பு, மனைவியாகவோ கணவனாகவோ அநுமதி பெற்றவர்களுக்கு 2002 முதல் விதிகளிலேயே இருந்துவருகிறது. அவ்வாறு விண்ணப்பிக்கும் காலத்தில் பிழைப்பதற்கு அரசு உதவி பெறும் சலுகையும் 2012இல் சேர்ந்தது. ஆனால் மணப்பெண், மணமகன் விசாவில் வந்தவர்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை. சொந்த வருமானம் ஈட்டவும் வகையின்றி, அழைத்தவரின் வீட்டில், அவருடைய தயவிலேயே ஆறு மாதம் வாழ்பவருக்குத்தான் அது மிக அதிகமாகத் தேவைப்படும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? விவாகம் இன்னும் நடக்கவில்லை என்பதே சர்க்கார் தரப்பில் சொல்லக்கூடிய சமாதானம். ஆனால் அவ்விவாகத்தை எதிர்பார்த்தே அநுமதி அளித்து, அதை எதிர்பார்த்தே வேலை செய்யும் உரிமையைப் பறித்து, ஆறு மாதத் தவணையும் விதித்தவர்கள், அடி விழுந்தபின் விவாகம் நடக்கவில்லையே என்று கையை விரிப்பது பொருந்தாது. ஆகவே அப்பாதுகாப்பை மணப்பெண், மணமகன் விசாவில் வந்தவர்களுக்கும் நீட்டிக்கவேண்டும். அது கிடைக்கும்வரை, தம்பதிகளுக்கு வழிகாட்டும் வழக்கறிஞர்கள் கட்டணப் பட்டியலைக் காட்டுவதற்கு முன்பே, வரப்போகிறவரைத் தனியே அழைத்து இந்த வேறுபாட்டை அவருடைய மொழியிலேயே விளக்கிச் சொல்லவேண்டும்.