கண்ணில்லாத காவலாள்

காட்டில் ஓடும் முயல் யாருக்குச் சொந்தம்? இங்கிலாந்தின் 1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் இதற்குப் பதில் வைத்திருந்தது. ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலமோ, அதற்கு ஈடான தகுதியோ இருப்பவன்தான் வேட்டையாடலாம். குத்தகைக்காரனின் பயிரை முயல் மேய்ந்தாலும் அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். வயிறு சும்மா இருக்குமா? ஆட்கள் இரவில் கண்ணியும் வலையுமாகக் காட்டுக்குள் போனார்கள்.

நிலப்பிரபுக்கள் காவலாட்களை வைத்தார்கள். அது போதவில்லை என்று பொறிகளையும் வைத்தார்கள். மனிதப் பொறி என்பது எலிப்பொறியின் பெரிய அண்ணன். மிதித்தால் இரண்டு இரும்புத் தாடைகள் காலைக் கவ்வும், பற்கள் எலும்புவரை இறங்கும். இன்னொன்று விசைத் துப்பாக்கி. புதருக்குள் கட்டிய கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். வருவது திருடனா, காளான் பறிக்க வந்த பிள்ளையா, சொந்தக் காவலாளா என்று அது பார்க்காது.

1820இல் ஒரு வழக்கு. காட்டுக்குள் கொட்டை பொறுக்கப் போனவன் விசைத் துப்பாக்கியால் அடிபட்டான். அறிவிப்புப் பலகை இருந்தது, ஆபத்து தெரிந்தேதான் போனான், ஆகவே நஷ்டஈடு இல்லை என்றது நீதிமன்றம். எழுத்துக் கூட்டத் தெரியாதவன் அந்தப் பலகையை வைத்து என்ன செய்வான்?

மறு ஆண்டு பாதிரியார் சிட்னி ஸ்மித் 'எடின்பரோ ரிவ்யூ'வில் இதைப் பிடித்துக்கொண்டார். அவர் வாதம் எளிமையானது. அத்துமீறி நுழைந்ததற்குச் சட்டத்தில் மரண தண்டனை கிடையாது. நிலக்காரர் நேரில் நின்று சுட்டால் அது கொலை. அப்படியிருக்க, கம்பியைக் கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டால் மட்டும் எப்படி நியாயமாகும்?

1825இல் பிரிஸ்டல் அருகே ஒருவர் தன் டியூலிப் தோட்டத்தில் விசைத் துப்பாக்கி வைத்தார். பூத்திருடன் கையோடு சிக்கட்டும் என்று பலகை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெட்டை மயில் ஒன்று அங்கே பறந்து போனது. அதைப் பிடித்துக்கொடுக்க மதிலேறிக் குதித்தான் 19 வயதுப் பையன் ஒருவன். "யாராவது இருக்கீங்களா?" என்று இரண்டு மூன்று தடவை குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினான். குண்டு முழங்கால் பக்கம் பாய்ந்தது. 1828இல் தீர்ப்பு பையன் பக்கம். முன்பு கொட்டை பொறுக்கியவனைக் கைவிட்ட நீதிபதிகளில் ஒருவரான பெஸ்ட்தான் இப்போது தலைமை நீதிபதி. அறிவிப்பில்லாமல் வைத்தது மனிதத்தன்மையற்ற செயல் என்றார்.

அதற்குள் சட்டமே மாறியிருந்தது. சஃபீல்ட் பிரபுவின் விடாமுயற்சியால் 1827இல் விசைத் துப்பாக்கியும் மனிதப் பொறியும் தடைசெய்யப்பட்டன. இரவில் குடியிருக்கும் வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆனால் வேட்டையாட நிலத்தகுதி வேண்டும் என்ற விதி 1831வரை நீடித்தது. பொறி போய் நான்கு வருஷம் கழித்துத்தான் அந்தப் பொறிக்குக் காரணமான விதி போனது.

பல்லில்லாத மனிதப் பொறிகளும் அன்று செய்யப்பட்டன. காலைக் கிழிக்காமல் பிடித்து வைப்பதால் அவற்றுக்குக் கருணைப் பொறி என்று பெயர். முயலுக்காக மனிதனைப் பிடிக்கலாமா என்ற கேள்வியை அந்தக் கருணை தொடவே இல்லை.