‘ரெண்டிஷன்’: மைசூர் வரலாற்றில் ஒரு பிரெஞ்சுக் கடன்சொல்

மைசூர் நகரின் மண்டி மொஹல்லா என்னும் பெயரில் ‘மொஹல்லா’ அரபு மூலமுடையது. ‘மண்டி’ தமிழ் வணிகரும் நன்கறிந்த இந்துஸ்தானிச் சொல். வழக்கில் இரண்டும் கரைந்துவிட்டமையால் அவற்றை எவரும் அயற்சொல்லாக உணர்வதில்லை. அந்நகரின் அரசியல் வரலாற்றில் வழங்கும் மற்றொரு கடன்சொல்லோ இவ்வாறு கரைந்துவிடவில்லை. 1831 முதல் தாமே ஆண்டுவந்த மைசூர் நாட்டை ஆங்கிலேயர் 1881 மார்ச் 25 அன்று பத்தாம் சாமராஜேந்திர உடையாரிடம் அளித்தனர். இந்நிகழ்ச்சியை ஆங்கில நூல்கள் ‘ரெண்டிஷன்’ எனக் குறிக்கின்றன. இதனைத் தமிழாக்குவோர் முன் ஒப்படைப்பு, மீட்டளிப்பு, திருப்பியளிப்பு முதலிய சொற்கள் நிற்கின்றன. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. எதனைத் தேர்ந்தாலும் நாடு யாருக்கு உரியதாக இருந்தது என்னும் வினாவுக்கு விடை கூறியதாகிவிடுகிறது.

இச்சொல்லின் அடி ‘ராந்த்ர்’ என்னும் பிரெஞ்சு வினை. ‘திரும்பத் தருதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘ரெத்தெரெ’ இதற்கு மூலம். ‘பிடித்தல்’ எனப் பொருள்படும் மற்றொரு வினையின் ஒப்புமையால் இடையில் னகர ஒலி புகுந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ராந்தேவூ’ என்னும் தொடரும் இவ்வினையின் ஏவல் வடிவமே. கி.பி. 1600ஐ ஒட்டி ஆங்கிலம் ‘ரெண்டிஷன்’ என்னும் பெயரை ஏற்றது. பின்னர்ப் பிரெஞ்சில் இவ்வடிவம் வழக்கொழிந்தது. இன்று அங்கு வழங்குவது ‘ரெதிசியோன்’ மட்டுமே. கடன் கொடுத்த மொழி கைவிட்டதைக் கடன் பெற்ற மொழி காத்துவைத்திருப்பது கடன்சொல் ஆய்வில் புதுமையன்று.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் தொடக்கப் பொருள் கோட்டையையோ காவற்படையையோ பகைவரிடம் விட்டுக்கொடுத்தல். பின்னர் ஆட்களை ஒப்படைத்தலுக்கும், 17ஆம் நூற்றாண்டிலேயே மொழிபெயர்ப்புக்கும், 19ஆம் நூற்றாண்டில் இசை, நாடக நிகழ்த்துகைக்கும் அது விரிந்தது. 1854இல் பாஸ்டன் நகரில் பிடிபட்ட ஆன்டனி பர்ன்ஸ் என்பவர் அடிமையாக மீண்டும் வர்ஜீனியாவுக்கு அனுப்பப்பட்டதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. இவற்றுள் இரு பொருட்கூறுகள் பிரித்தறியத்தக்கவை. கோட்டையைப் பெறுபவன் அதற்கு முன்னுரிமை உடையவனாக இருக்க வேண்டியதில்லை. அடிமையைப் பெறுபவனோ சட்டப்படி தன் உடைமை தன்னிடம் மீள்வதாகக் கருதுபவன். சொல் ஒன்றே, ஒருகால் முன்னுரிமையை உட்கொள்கிறது, ஒருகால் உட்கொள்வதில்லை.

மைசூர் வழக்கின் மையமும் இந்த இருமையே. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல், ஐந்து வயதினரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையேற்றிக் கும்பினியார் அவருடன் துணைப்படை உடன்படிக்கை செய்தனர். 1831இல் பெண்டிங்க் பிரபு அதன் விதிகளைக் காட்டி ஆட்சியை மேற்கொண்டார். நாடு முழுவதையும் மேற்கொள்ள அவ்விதிகள் இடந்தந்தனவா என்னும் ஐயம் பின்னர் அவருக்கே எழுந்தது. ஆட்சியைத் திரும்பத் தருமாறு அரசர் பலமுறை வேண்டினார். 1861இல் விடுத்த வேண்டுகோளைக் கானிங் பிரபு அடுத்த ஆண்டில் மறுத்தார். 1865இல் மேஜர் இவான்ஸ் பெல் எழுதிய நூலின் பெயரில் ‘ரிவர்ஷன்’, அதாவது உரிமை மீள்வு, என்னும் சொல் இடம்பெற்றது. மீள்வு யாரிடம்? அரசர் மறைந்தால் நாடு ஆங்கிலேயரைச் சாரும் என்பது ஒரு சாரார் எதிர்பார்ப்பு. தத்துப்பிள்ளையைச் சாரும் என்பது பெல்லின் வாதம். தத்துரிமை 1867இல் ஏற்கப்பட்டது. ஆயினும் 1881ஆம் ஆண்டு ஆவணம் தலைப்பில் கொண்ட சொல் ‘டிரான்ஸ்ஃபர்’, அதாவது மாற்றுகை. அது நிபந்தனைகளை அடுக்கிய, ஒருதலையான கொடை ஆவணம்.

தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் இரவுச் சொற்களைக் கேட்போன் நிலைக்கேற்பப் பகுக்கிறார்: இழிந்தோன் கூறுவது ஈ, ஒப்போன் கூறுவது தா, உயர்ந்தோன் கூறுவது கொடு. கிருஷ்ணராஜர் உடன்படிக்கையின் ஒரு தரப்பினர் என்ற முறையில் ‘தா’ என்றே கேட்டார் எனலாம். அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகனுக்குக் கிடைத்ததோ ‘ஈ’ என்பதற்குரிய விடை.

தமிழ்ச் சொற்களுள் ‘மீட்டளிப்பு’ எளிதில் விலக்கத்தக்கது. ‘மீட்டு’ என்னும் வினையெச்சம் ‘அளி’ என்னும் வினையின் எழுவாயையே கொள்ளும். எனவே மீட்டவரும் அளித்தவரும் ஒருவரே ஆவர். திப்புவிடமிருந்து மீட்டு உடையாருக்கு அளித்ததாக ஆங்கிலேயர் கூறிய 1799க்கு அது பொருந்தலாம். தம்மிடமே இருந்ததை அளித்த 1881க்குப் பொருந்தாது. ‘திருப்பி’ என்னும் அடை பெறுபவரின் முன்னுரிமையை உறுதியாகக் கூறிவிடுகிறது. அதனோடு சேரும் ‘அளி’யில் அருள் என்னும் பொருளும் தோய்ந்திருத்தலால், ‘திருப்பியளிப்பு’ உரிமையையும் தயவையும் ஒருசேரச் சுமக்கிறது. ‘ஒப்படை’ அவ்வாறன்று. கண்டெடுத்த பொருளை உரியவரிடமும் ஒப்படைக்கலாம். குழந்தையை ஆசிரியரிடமும் ஒப்படைக்கலாம். குற்றவாளியைக் காவலரிடமும் ஒப்படைக்கலாம். உரிமையைப் பற்றி வாய்திறவாத இச்சொல்லே ‘ரெண்டிஷன்’ என்பதன் இருமைக்கு மிக அண்மையது. மொழிபெயர்ப்பில் தெளிவு நற்பண்பே; மூலம் தெளிவுபடுத்தாததை மொழிபெயர்ப்பாளர் தெளிவுபடுத்துவது வழக்கில் ஒரு தரப்பைச் சார்வதாகும்.

அன்றைய மைசூரில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்கவில்லை. ஒப்படைப்பின்போது திவானாகப் பொறுப்பேற்றவர் செங்கற்பட்டு மாவட்டத்தவரான ரங்காசார்லு. அவர் காலத்தில் 1881 அக்டோபரிலேயே பிரதிநிதிகள் சபை கூடியது. ஆவணத்தின் நிலை மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. மாற்றுகை ஆவணம் தம் அரசின் தகுதிக்கு ஏற்றதன்று என நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஹார்டிஞ்ச் பிரபுவிடம் முறையிட்டார். 1913 நவம்பரில் அதற்கு மாற்றாக இரு தரப்பினரும் ஒப்பமிட்ட உடன்படிக்கை வந்தது. விதிகளுள் பெரும்பாலானவை பழையனவே. பெயரே முதன்மையாக மாறியது.

1881இல் மைசூர் அரசு தன் அதிகாரத்தை விட்டுக்கொடுத்த பெங்களூர்த் தண்டுப் பகுதி 1947 ஜூலையில் அவ்வரசிடம் மீண்டும் வந்தது. இந்நிகழ்ச்சிக்கு ஆங்கில ஆவணங்கள் ‘ரெட்ரோசெஷன்’ என்னும் வேறொரு சொல்லை ஆள்கின்றன. கொடுத்தவரே பெற்றமையால் இங்குத் ‘திருப்பி’ என்னும் அடையைத் தயக்கமின்றி ஆளலாம்.